நாலரை மணி ஆசாமி

புறப்படும் நாள்

வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். முதல் இழுப்பு பூட்டுக்காக. இரண்டாவது, முதல் இழுப்பை ஒழுங்காக இழுத்தேனா என்ற சந்தேகத்துக்காக. மூன்றாவது எதற்கு என்று எனக்கே தெரியாது. அப்பா மூன்று முறை இழுப்பார், நானும் இழுக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் தெருமுனையில் நின்று "பூட்டினோமா?" என்று கேட்பேன். திரும்பி வந்து நாலாவது முறை இழுத்துவிட்டுப் போன நாட்களும் உண்டு.

இந்த முறை அது நடக்காது. போவது சுவிட்சர்லாந்துக்கு. மகளுக்கு பாசல் நகரத்தில் ஐந்து நாள் அலுவலக வேலை. "சும்மாதானே இருக்கீங்க, ரெண்டு பேரும் கூட வாங்களேன்" என்றாள். ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கிறான் என்று யார் சொன்னது என ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுப் பெட்டியை இறக்கினேன்.

மனைவி காரியக்காரி. நான் பூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கைபேசியில் வீடியோ எடுத்துவிட்டாள். என் முதுகு, கதவு, மூன்று இழுப்பு, பிறகு வெளி கேட்டை நான் சாத்துகிற 'கிறீச்'. மொத்தம் பதினோரு நொடி. அதை எனக்கும் அனுப்பினாள்.

"இனிமே சந்தேகம் வந்தா இதைப் பாருங்க. என்னைக் கேட்காதீங்க."

விமானம் ஏறுவதற்குள் இரண்டு முறை பார்த்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது.

முதல் நாள்

பாசல் ஒரு வேடிக்கையான மூலை. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் இங்கேதான் முட்டிக்கொள்கின்றன. ஊரின் விமான நிலையமே பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது. நடுவே ரைன் ஆறு. எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்பது மணிக்கே படுத்தோம். ஜூன் மாதம் என்பதால் வெளியே இன்னும் பளிச்சென்று இருந்தது. திரையை இழுத்து நாங்களே இருட்டைச் செய்துகொண்டோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் நாலரை மணி ஆசாமி. அலாரம் வேண்டாம், பத்து வருடமாகக் காலை நாலரைக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். சின்ன வயதில் ஏழு மணிக்கு எழுப்பினால் அம்மாவோடு ஒரு யுத்தமே நடக்கும். வயதாக ஆக உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துவிடுகிறது என்கிறார்கள். சீக்கிரம் தூக்கம், சீக்கிரம் விழிப்பு. நான் அதை ஒழுக்கம் என்று சொல்லி வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் கண் திறந்தது. நாலரைதான், ஆனால் வீட்டு நாலரை. இங்கே மூன்றரை மணி நேரம் பின்னால். அதாவது நள்ளிரவு ஒரு மணி.

கண்ணாடிக்காகக் கையை நீட்டினேன். வீட்டில் என் வலது கைப்பக்கம் சின்ன மேசை. கண்ணாடி, கைபேசி, தண்ணீர் எல்லாம் அதன் மேல் அந்தந்த இடத்தில் இருக்கும். இங்கே மேசை இடது பக்கம். வலது பக்கம் மனைவியின் முகம். "என்னங்க..." என்று தூக்கத்திலேயே என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முப்பத்து நாலு வருடமாக நான் கட்டிலின் வலப்பக்கம் படுக்கிறவன். நேற்றுக் களைப்பில் இடம் மாறிப் படுத்திருக்கிறோம்.

புது இடத்தில் முதல் நாள் தூக்கம் வராது என்று பாட்டி சொல்வாள். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2016இல் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி, மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லையாம். ஏதாவது சத்தம் கேட்டால் எழுப்பிவிட ஒரு பாதி காவல் இருக்கிறது. என் விஷயத்தில் இரண்டு பாதியும் காவல் இருந்தன. ஒரு மணியிலிருந்து ஐந்தரை வரை என்ன செய்வது? வீடியோவை நாலு முறை பார்த்தேன். பூட்டியிருந்தது.

காலையில் குளியலறையில் ஒரே மாதிரி மூன்று குட்டி பாட்டில். எது தலைக்கு, எது உடம்புக்கு என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. குளிக்கும்போது எவன் கண்ணாடி போட்டுக்கொண்டு குளிக்கிறான்? நம்மவர்கள் இதற்கு வெள்ளெழுத்து என்று பேர் வைத்தார்களே, அதைச் சொல்லவேண்டும். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பதற்கு வளைந்து கொடுக்காது. எழுத்து வெளுத்துப் போகிறது. வெளுத்த எழுத்தை நம்பி ஒன்றை எடுத்துத் தலையில் தேய்த்தேன். நுரையே வரவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். தோலுக்குப் பூசுகிற லோஷன் அது என்பது, துண்டு தலையில் வழுக்கியபோதுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள்

இன்று விழிப்பு இரண்டு மணிக்கு. முன்னேற்றம். உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. இந்தக் கணக்குப்படி ஊர் நாலரையும் என் நாலரையும் ஒன்றாகிற அன்று நாங்கள் கிளம்ப வேண்டியிருக்கும்.

மகள் வேலைக்குப் போனதும் நாங்கள் இருவரும் ரைன் கரைக்குப் போனோம். மேட்டின் மேல் பழைய ஊர். ஆற்றுப் பாலத்திலிருந்து ரைன்ஸ்பிரங் என்று ஒரு தெரு மேலே ஏறுகிறது. தெருவா, ஏணியா என்று கேட்கத் தோன்றும் சரிவு. பாதியில் நின்று கட்டடங்களை ரசித்தேன். மூச்சு வாங்கும்போதெல்லாம் எனக்குக் கட்டடக்கலையில் ஆர்வம் வந்துவிடும். நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் பழைய பல்கலைக்கழகக் கட்டடம். 1460இல் தொடங்கியது, சுவிட்சர்லாந்தின் பல்கலைக்கழகங்களிலேயே மூத்தது.

நான் தேடி வந்ததும் அதைத்தான். நாஸ்டால்ஜியா என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, பழைய பாட்டு கேட்டால், பள்ளிக்கூடத்தைப் பார்த்தால். அந்தச் சொல் பிறந்தது இந்த ஊரில். 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் அதை உருவாக்கினார். கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், அல்கோஸ் என்றால் வலி. இரண்டையும் ஒட்டிவிட்டார். அவர் சொன்னது இனிய நினைவை அல்ல, ஒரு நோயை. வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குப் போர் புரியப் போன சுவிஸ் சிப்பாய்களும், ஊரை விட்டு வந்த மாணவர்களும் இளைத்து, தூக்கம் கெட்டு, காய்ச்சல் கண்டு கிடந்தார்களே, அந்த நோய்.

அப்போது ஹோஃபருக்கு வயது பத்தொன்பது. எனக்கு இது கொஞ்சம் பொறுக்கவில்லை. பத்தொன்பது வயதில் எதை நினைத்து ஏங்குவது? ஏக்கம் என்பது பென்ஷன் மாதிரி, சேவை முடித்தவர்களுக்கு உரியது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் பையன் எழுதியிருக்கும் நோயாளிகளை நினைத்தால் கோபம் போய்விடுகிறது. ஒரு கிராமத்துப் பெண் கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறாள். மருந்து வேண்டாம், சாப்பாடு வேண்டாம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "வீட்டுக்குப் போகணும்." கடைசியில் வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள், சில நாளில் எழுந்துவிடுகிறாள். இன்னொருவன் பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்தவன். சாகக் கிடந்தான். ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்று கேட்டதுமே மூச்சு சீராகிவிட்டதாம். வண்டி பாசலை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் நோய் விட்டுப்போய், பெர்ன் வந்து சேரும் முன்பே ஆள் தேறிவிட்டான்.

"இந்த வியாதி உங்களுக்கு வராது" என்றாள் மனைவி. "நீங்கதான் வீட்டையே பதினோரு நொடிக்குச் சுருட்டிச் சட்டைப்பையில வச்சிருக்கீங்களே."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள்

ஒரு திருத்தம். நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துவிட்டு மகள், "அப்பா, அம்மாவும் அதே லோஷனைத்தான் தலைக்குப் போட்டாங்க, அதை ஏன் எழுதல?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்னைக் கேட்கக்கூடாது. இப்போது நாங்கள் பாட்டில்களைக் கைபேசியில் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் படித்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறோம்.

விழிப்பு மூன்று மணி.

இன்று மூன்ஸ்டர் தேவாலயம். செந்நிற மணற்கல்லில் இரட்டைக் கோபுரத்தோடு ஆற்றுக்கு மேலே நிற்கிறது. கோபுரத்தில் ஏறலாம், ஆனால் பாதுகாப்புக்காகத் தனியாக விடுவதில்லை, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். மனைவிக்கு ஏற விருப்பமில்லை. "உனக்காக இல்லை, எனக்கு ஆள் கணக்குக்கு" என்றேன். இப்படிக் கேட்டால் யார்தான் வருவார்கள்? ஆனாலும் வந்தாள்.

இருநூறு படிகளுக்கு மேல், திருகுச் சுருளாக. ஆள் கணக்குக்கு வந்தவள் எனக்கு முன்னால் ஏறிப்போய் மேலே காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு இடங்களில் நின்று கல்வேலையை ரசித்தேன். மேலே போனதும் கீழே ரைன், அந்தப் பக்கம் வீடுகள், தூரத்தில் மலைகள். மூட்டு வலியை மறந்து நின்றேன். இறங்கும்போது அது ஞாபகப்படுத்திவிட்டது. ஏறுவதை மூச்சு பார்த்துக்கொள்ளும். இறங்குவது முழுக்க மூட்டின் செலவு.

அந்த உயரத்தில் நிற்கும்போது ஒரு பழைய வைத்தியம் நினைவுக்கு வந்தது. ஹோஃபருக்குப் பிறகு வந்த சூரிக் மருத்துவர் ஷாய்க்சர், வீட்டு ஏக்கத்துக்குக் காற்றழுத்தம்தான் காரணம் என்றார். சுவிஸ்காரர்கள் மலையில் லேசான காற்றில் வளர்ந்தவர்கள். சமவெளிக்கு வந்தால் கனத்த காற்று அழுத்தி நோயாக்குகிறது. ஊருக்கு அனுப்ப முடியாவிட்டால் நோயாளியை ஒரு குன்றிலோ கோபுரத்திலோ கொண்டுபோய் வையுங்கள், சரியாகிவிடும். நானும் கோபுரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஏக்கம் குறைந்ததா தெரியவில்லை, படி ஏறியதில் ஏங்குவதற்கு மூச்சு இல்லை.

கீழே வந்தபோது இன்னொரு விஷயம். கோபுரச் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் காட்டும். வேண்டுமென்றேதான். 1798 வரைக்கும் பாசல் முழுவதுமே பக்கத்து ஊர்களைவிட ஒரு மணி முன்னால் ஓடியது. மற்ற ஊரில் பகல் பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்று. எதிரிகள் குறித்த நேரத்தில் ஊருக்குள் நுழைய இருந்ததாகவும், காவல்காரன் கடிகாரத்தைத் தள்ளிவைத்து அவர்களைக் குழப்பியதாகவும் ஒரு கதை சொல்கிறார்கள். நூற்றாண்டுகளாக ஊரே சேர்ந்து ஒரு தப்பை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது!

எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். அப்பா வைத்தது. நேரத்துக்குக் கிளம்பவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அது பதினைந்து நிமிடம் முன்னால் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் மனசுக்குள் கழித்துவிட்டு எப்போதும்போல் தாமதமாகவே கிளம்புவோம். விருந்தாளிகள் மட்டும்தான் ஏமாந்து பதறி எழுந்து போவார்கள். அதுவும் ஒரு வசதிதான். வாரம் ஒரு நாள் அப்பா முக்காலி போட்டு ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, இடது கையால் பெண்டுலத்தைப் பிடித்துக்கொண்டு சாவி கொடுப்பார். எத்தனை திருப்பு என்று உதட்டுக்குள் எண்ணுவார். எண்ணும்போது யாராவது பேசினால் தொலைந்தோம். அவருக்குப் பின் பேட்டரிக் கடிகாரம் வாங்கினேன். மாட்டிய அன்று, யோசிக்காமலே முள்ளைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளினேன்.

அந்தச் சூரியக் கடிகாரத்தின் அடியில் நின்று இதை மனைவியிடம் சொன்னேன். "அதான் நான் எப்பவும் என் கைபேசியில பார்க்கிறேன்" என்றாள்.

நான்காம் நாள்

விழிப்பு நாலு. கிட்ட வந்துவிட்டேன்.

இன்று எங்கும் போகவில்லை. ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு. மூன்று நாளாக அதே பெஞ்சில்தான் உட்கார்கிறோம் என்பதை இன்றுதான் கவனித்தேன். காலையில் அதில் யாரோ ஒரு இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. எங்கள் இடத்தில் என்ன வேலை இவர்களுக்கு என்று எனக்குச் சுருக்கென்று ஒரு கோபம். மூன்று நாளில் பட்டா போட்டுவிட்டேன்.

எதிரே ஒரு படகு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. மோட்டார் கிடையாது, துடுப்பும் கிடையாது. ஆற்றின் குறுக்கே மேலே ஒரு கம்பி. அதோடு படகைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். படகை ஒரு கோணத்தில் திருப்பிவிட்டால் ஆற்றின் வேகமே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. இப்படி நான்கு படகுகள். போய்வந்தோம். தண்ணீர் பலகையில் உரசும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. மனைவி வழக்கமாக வாகனத்தில் ஏறினால் மூன்றாவது நிமிடம் தூங்கிவிடுவாள். இதில் அக்கரை வர அவ்வளவு நேரம் ஆகாது, பாவம், பாதித் தூக்கத்தில் இறக்கிவிட்டேன்.

ஆற்றில் ஆட்கள் நீந்திப் போகிறார்கள். கோடையில் இது ஊர் வழக்கம். துணிமணியை மீன் வடிவத்தில் இருக்கும் தண்ணீர் புகாத பையில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மிதப்பது. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மையார் தயாராகிக்கொண்டிருந்தார். எழுபது இருக்கும். சட்டையை மடித்தார். அவிழ்த்து மறுபடி மடித்தார், முதல் மடிப்பு பிடிக்கவில்லை போல. செருப்பு இரண்டையும் அடிப்பக்கம் சேர்த்து வைத்தார். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, பையின் நடுவில், சட்டைக்கும் துண்டுக்கும் இடையே செருகினார். பை வாயைச் சுருட்டி மாட்டினார். ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறை. மனைவி என் பக்கம் திரும்பினாள். மூன்றாம் முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மையார் படியிறங்கித் தண்ணீரில் கலந்துவிட்டார்.

ராத்திரி மகளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "எனக்கு என்ன ஞாபகம் வருது தெரியுமா? நம்ம பழைய லேண்ட்லைன் போன். அது அடிக்கிற சத்தம். இப்ப எங்கேயாவது கேட்டா ஓடிப் போய் எடுக்கணும்போல இருக்கு" என்றாள். அவளுக்கு முப்பத்திரண்டு. அதற்குள்ளா? வயதானவர்களை வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவையே அதிகமாக வரும் என்று மனவியலாளர்கள் சொல்கிறார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கின்றன. மகளுக்கு அந்தப் பெட்டி இப்போதுதான் மூடியிருக்கிறது, அதற்குள் திறந்து பார்க்கிறாள்.

அந்த போன் அடித்தால் எடுக்க அவளும் நானும் போட்டி போடுவோம். பெரும்பாலும் தப்பு நம்பர்தான். "எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் ஓடுவீங்க, அழைப்பு எப்பவும் எனக்காத்தான் இருக்கும்."

ஐந்தாம் நாள்

நாலரை. மணி பார்த்தேன், ஊர் நாலரையேதான். கையை இடது பக்கம் நீட்டினேன். கண்ணாடி அங்கேயே இருந்தது. முதல் முறையாக எதையும் தட்டிவிடவில்லை.

இன்று கிளம்புகிறோம்.

பெட்டிகளை வெளியே வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. உள்ளே எங்கள் பொருள் ஒன்றும் இல்லை. இனி அந்த அறையில் எங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மகள் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. அம்மா எடுக்கச் சொன்னாங்க."

வீடு

பூட்டு இருந்தபடியே இருந்தது. கேட் அதே கிறீச். ஐந்து நாளாகக் கைபேசியில் கேட்டுக் கேட்டு, நேரில் கேட்கும்போது சத்தம் கொஞ்சம் பெரிதாக இருப்பதுபோல் தோன்றியது. எண்ணெய் போடலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ராத்திரி என் பக்கத்தில், என் கட்டிலில், என் தலையணையில் படுத்தேன். நாலரைக்கு விழிப்பு வரவில்லை. கண் திறந்தபோது ஜன்னல் முழுக்க வெயில். வாழ்நாளில் ஒரு காரியத்தைத் தவறவிட்டவன்போலப் பதறி, கண்ணாடிக்காக இடது பக்கம் கையை வீசினேன்.

இடது பக்கம் மனைவி. "இப்ப எந்த ஊரு?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

கூடத்துக் கடிகாரம் எட்டேகால் காட்டியது. மனசுக்குள் கழித்துக்கொண்டேன்.